ஆற்றின் வழியே சிகரத்துக்கு: சுக்ஷ்பிட்ஸே பயணக் குறிப்புகள்

ஞாயிறு, ஆதம்பாக்கம்

ஜெர்மனியின் மிக உயர்ந்த மலையான சுக்ஷ்பிட்ஸேவின் உச்சிக்கு நடந்து செல்வதற்காக நாளை இரவு சென்னையிலிருந்து புறப்படுகிறேன். உடன் வருபவர் என் தாய்மாமா. அவர் மாநில நில அளவைத் துறையில் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு முழங்கால்களிலும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் என்பதால் அவர் மலையடிவாரத்திலிருந்து ரோப் காரில் மேலே வருவார். "நீ நடந்து வாம்மா, நான் உச்சியில உனக்காக உட்கார்ந்திருக்கேன்" என்று அவர் சொன்ன நாளில்தான் இந்தப் பயணம் உறுதியாயிற்று.

ரோப் கார் செல்லும் மலைக்கு எதற்காக நடக்க வேண்டும் என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். பழனிக்குப் போகிறவர்களிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை. அங்கே படிப்பாதையும் யானைப்பாதையும் விஞ்ச்சும் ரோப் காரும் ஒரே மலையில் இருக்கின்றன. அவரவர் உடலுக்கும் வேண்டுதலுக்கும் ஏற்ற வழியில் அவரவர் ஏறுகிறார்கள். எனக்கு வேண்டுதல் எதுவும் இல்லை. ஒரு மலை அடியிலிருந்து நுனி வரை எப்படி அமைந்திருக்கிறது என்பதைக் காலால் அறிய வேண்டும் என்ற ஆசை மட்டும் நெடுநாளாக இருக்கிறது.

சென்னையில் மலையேற்றத்துக்குப் பயிற்சி எடுப்பது எளிதன்று. பொங்கல் முடிந்ததிலிருந்து வாரத்தில் சில நாட்கள் விடியற்காலையில் முதுகுப்பையில் தண்ணீர்ப் புட்டிகளை நிரப்பிக்கொண்டு பரங்கிமலைப் படிகளில் ஏறி இறங்கி வருகிறேன். பரங்கிமலையின் உயரம் ஏறக்குறைய 300 அடி. நான் தேர்ந்திருக்கும் பாதையில் ஏற வேண்டிய உயரமோ சுமார் 2200 மீட்டர்; அதாவது பரங்கிமலையை இருபத்து நான்கு முறைக்கு மேல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். ஆனாலும் மாமாவைப் பொறுத்தவரை இதைவிடப் பொருத்தமான பயிற்சி இடம் உலகில் வேறு இல்லை. 1802 ஏப்ரல் 10 அன்று ஆங்கிலேய நில அளவையாளர் வில்லியம் லாம்டன் தம் சங்கிலியால் அளக்கத் தொடங்கிய சுமார் 12 கிலோமீட்டர் நீள அடிக்கோடு, அதாவது நில அளவை முக்கோணங்களுக்கு முதல் பக்கமாகத் தரையில் துல்லியமாக அளக்கும் நேர்கோடு, இந்த மலையை ஒட்டியது. அதிலிருந்து கிளைத்த முக்கோணங்கள்தான் பின்னர் இமயம் வரை சென்றன. உச்சியில் இருக்கும் லாம்டனின் மார்பளவுச் சிலைக்கு அருகே நின்று மாமா இதை எனக்குச் சிறுவயதிலேயே சொல்லியிருக்கிறார்.

செவ்வாய், மியூனிக்

பிராங்க்பர்ட்டில் விமானம் மாறி மதியம் வந்து சேர்ந்தோம். மாமா ஓய்வெடுக்க மறுத்துவிட்டு, நகரின் வடகிழக்கு ஓரத்தில் உன்டர்ஃபோரிங் என்னும் இடத்துக்குப் போக வேண்டும் என்றார். அங்கே ஒரு சிறு கல் பிரமிடு நிற்கிறது. 1801இல் பவேரிய நாட்டை அளப்பதற்காக இங்கிருந்து ஆஃப்கிர்ஷன் என்னும் ஊர் வரை சுமார் 21.6 கிலோமீட்டருக்கு ஓர் அடிக்கோடு அளக்கப்பட்டது; அதன் ஒரு முனையை இந்தக் கல் குறிக்கிறது. பரங்கிமலைக் கோட்டுக்கு இது ஓராண்டு மூத்தது. மாமா அந்தக் கல்லின்மேல் கைவைத்துச் சற்று நேரம் நின்றார்; நான் படம் எடுத்துக் கொடுத்தேன்.

இந்த அளவைப் பணியின் தொடர்ச்சியாகத்தான் சுக்ஷ்பிட்ஸேவில் முதன்முதலாக மனிதர் ஏறியதாகப் பதிவாகியிருக்கிறது. பவேரியப் படையின் நில அளவை அலுவலகத்தைச் சேர்ந்த லெப்டினன்ட் யோசெஃப் நௌஸ், மாயர் என்ற உதவியாளருடனும் தௌஷ்ல் என்ற உள்ளூர் வழிகாட்டியுடனும் 1820 ஆகஸ்ட் 27 அன்று உச்சியை அடைந்தார். அவர்கள் சென்றது ரைன்டால் பள்ளத்தாக்கின் வழியாக. நாளை நான் நடக்கத் தொடங்குவதும் அதே பள்ளத்தாக்கில்தான். வேறு வழிகளும் உண்டு. ஆனால் நீளமானதும் செங்குத்து குறைந்ததுமான இந்த வழி ஓர் ஆற்றை அதன் ஊற்றுக்கண் வரை பின்தொடர்ந்து, பிறகு அந்த ஊற்றுக்கு நீர் தரும் மேட்டுக்கும் ஏறிச் செல்கிறது என்று வரைபடத்தில் கண்டபோதே இதைத் தேர்ந்துவிட்டேன்.

புதன், ரைன்டாலாங்கர் குடில், 1369 மீட்டர்

காலை ரயிலில் கார்மிஷ்-பார்ட்டன்கிர்ஷன் வந்தோம். இரண்டு தனித்தனி ஊர்களாக இருந்தவற்றை 1936 குளிர்கால ஒலிம்பிக்குக்காக முந்தைய ஆண்டில் ஒன்றாக இணைத்தார்கள். அந்தப் போட்டிகள் நடந்த பனிச்சறுக்கு அரங்கின் பின்புறத்திலிருந்துதான் பாதை தொடங்குகிறது. மாமாவை விடுதியில் விட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை நண்பகலில் உச்சியில் சந்திப்பதாகப் பேசிக்கொண்டு கிளம்பினேன்.

அரை மணி நேர நடையில் பார்ட்னாக் ஆற்றின் இடுக்குப் பள்ளம் வந்துவிடுகிறது. சுமார் 700 மீட்டர் நீளத்துக்கு இருபுறமும் சுவர்போல் எழும் பாறைகளுக்கு நடுவே ஆறு கொந்தளித்து ஓடுகிறது. பாறையைக் குடைந்து செய்த குறுகிய நடைபாதையில் கம்பிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். மேலிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருப்பதால் மழைச்சட்டையை இங்கேயே போட்டுக்கொண்டேன். சுற்றுலாப் பயணிகள் வருவதற்கு முன்பு மரம் வெட்டுபவர்கள்தான் இந்தப் பள்ளத்தைப் பயன்படுத்தினார்கள். மேலே வெட்டிய மரங்களை ஆற்றில் விட்டு ஊருக்குக் கொண்டுவந்தார்கள். சிக்கிக்கொண்ட மரங்களை விடுவிக்க மனிதர்களும் இந்த இருளுக்குள் இறங்க வேண்டியிருந்தது. 1912இல் இதை இயற்கைச் சின்னமாக அறிவித்தார்கள். தண்ணீர் பாலில் நீலம் கலந்தாற்போன்ற நிறத்தில் இருந்தது. சுண்ணாம்புக் கல் துகள் அந்த அளவுக்கு அதில் கலந்திருக்கிறது.

பள்ளத்தைத் தாண்டியதும் கூட்டம் மறைந்துவிட்டது. பிறகு பல மணி நேரம் ஆறு ஒரு பக்கம், காடு ஒரு பக்கம். பள்ளத்தாக்கின் தெற்குச் சுவராக 2744 மீட்டர் உயரமுள்ள ஹோக்வன்னர் ஆயிரம் மீட்டருக்கும் மேல் நேராக எழுந்து நிற்கிறது. பாதை பெரும்பாலும் சீரானது. போக் குடில் வரை மிதிவண்டியில்கூட வருகிறார்கள். அங்கே மோர் கேட்டேன், கிடைத்தது. நம் ஊர் மோரைவிடக் கெட்டியாகவும் உப்பில்லாமலும் இருந்தது.

அதற்கு மேலே பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. பார்ப்பதற்கு அங்கே எதுவும் இல்லை என்பதே அதன் செய்தி. பழைய வரைபடங்களில் முன் நீலக் குளம் என்று குறிக்கப்பட்ட ஓர் ஏரி இங்கே இருந்தது. பாறைச் சரிவு ஆற்றை மறித்ததால் உண்டான ஏரி அது. 2005 ஆகஸ்டில் பெய்த பெருமழையில் ஆறு கொண்டுவந்த கற்களும் சரளையும் அதை நிரப்பிவிட்டன. இன்று வெள்ளைக் கூழாங்கற்களின் அகன்ற சமவெளி மட்டும் இருக்கிறது. அதன் நடுவே ஆறு பல கிளைகளாகப் பிரிந்து தனக்கு வழி தேடிக்கொண்டிருக்கிறது. மலை என்றால் அசையாதது என்று சொல்லியே வளர்ந்தவள் நான். ஒரே மழையில் ஓர் ஏரி இல்லாமல் போன இடத்தில் நின்றபோது அந்த எண்ணத்தைத் திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

மாலையில் குடிலை அடைந்தேன். ஜெர்மானிய ஆல்ப்ஸ் சங்கத்தின் மியூனிக் கிளைக்குச் சொந்தமான குடில் இது. நடைக் காலணிகளை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு உள்ளே வேறு செருப்பு அணிய வேண்டும் என்பதில் எனக்கு எந்தச் சிரமமும் இல்லை. பொதுக் கூடத்தில் வரிசையாக மெத்தைகள். படுக்கைக்கு நாமே மெல்லிய உறைத்துணி கொண்டுவர வேண்டும். இரவு உணவுக்குப் பயறு சூப்பும் ரொட்டியும் கிடைத்தன. சைவ உணவுக்காரர்கள் இந்த மலைகளில் பட்டினி கிடக்க வேண்டியதில்லை என்பதை வீட்டிலுள்ளவர்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்.

வியாழன், க்னோர் குடில், சுமார் 2050 மீட்டர்

இன்றைய நடை குறுகியது. ஆனால் இந்தப் பயணத்தில் என்னை அதிகம் நிறுத்திவைத்த நாள் இதுதான்.

குடிலிலிருந்து சற்றுத் தூரம் சென்றதும் ஆறு முடிந்துவிடுகிறது. சரியாகச் சொன்னால், தொடங்குகிறது. பாறைச் சுவரின் அடியிலிருந்து பார்ட்னாக் ஏற்கெனவே ஓர் ஆறாகவே பீறிட்டு வெளிவருகிறது. அதற்கு மேலே ஓடையோ அருவியோ எதுவும் இல்லை. காரணம் கல்லில் இருக்கிறது. வெட்டர்ஷ்டைன் சுண்ணாம்புக்கல் என்றழைக்கப்படும் இந்தப் பாறை, இருபது கோடி ஆண்டுகளுக்கும் முன்பு ஆழமற்ற வெப்பக் கடலில் வாழ்ந்த பாசிகளும் பவளங்களும் பிற உயிரினங்களும் விட்டுச்சென்ற சுண்ணாம்பால் ஆனது. மழைநீரும் பனி உருகிய நீரும் இதைக் கரைத்து வெடிப்புகளையும் குகைகளையும் உண்டாக்கியிருக்கின்றன. மேலே உள்ள அகன்ற மேட்டுச் சரிவில் விழும் நீர் தரையின் மேல் ஓடாமல் உள்ளே இறங்கி, மலையின் வயிற்றுக்குள் பயணம் செய்து, இங்கே ஒரே வாயில் வழியாக வெளியேறுகிறது. நேற்று இடுக்குப் பள்ளத்தில் என் தலையில் சொட்டிய நீரைத் தவிர அங்கே ஓடிய ஆற்றில் எவ்வளவோ இந்த வாயிலிலிருந்து வந்ததுதான். கையால் அள்ளிக் குடித்தேன், பற்கள் கூசின.

அதன் பிறகு ஏற்றம் செங்குத்தாகிறது. கொண்டை ஊசி வளைவுகளாகப் பாதை சரளைச் சரிவில் ஏறுகிறது. ஊசியிலை மரங்கள் குட்டையாகி, இடுப்பளவுப் பைன் புதர்களாகி, பிறகு அவையும் நின்றுவிடுகின்றன. இந்த இடத்தில் நீலகிரியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. க்னோர் குடில் ஊட்டி நகரத்தைவிடத் தாழ்வானது. ஊட்டியில் இந்த உயரத்தில் ஓங்கிய மரங்களும் தேயிலைத் தோட்டங்களும் இருக்கின்றன; 2637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவின் உச்சி வரை சோலை மரங்கள் ஏறுகின்றன. நாம் நிலநடுக்கோட்டிலிருந்து பதினோரு பாகை தள்ளி இருக்கிறோம். இந்த மலை நாற்பத்தேழு பாகையில் இருக்கிறது. மீட்டர் கணக்கில் உயரம் ஒன்றாக இருந்தாலும் மரங்களுக்கு அது ஒன்றாக இருப்பதில்லை. தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடியைவிட நான் ஏறவிருக்கும் உச்சி 270 மீட்டர் அளவுக்கே உயர்ந்தது என்றாலும், அங்கே புல்வெளி, இங்கே வெறும் கல்லும் பனியும்.

க்னோர் குடில் 1855இல் கட்டப்பட்டது. இந்த மலைத்தொடரின் மிகப் பழைய குடில் இது. அதற்குப் பணம் கொடுத்த ஆங்கெலோ க்னோர் என்பவரின் பெயரே நிலைத்துவிட்டது. பிற்பகலில் இடி இடித்து ஆலங்கட்டி பெய்தது. ஆட்டு மந்தை ஒன்று கழுத்து மணிகள் ஒலிக்கப் பாறைகளின் மறைவில் ஒதுங்கி நின்றதைச் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோடைக் காலத்தில் ஆல்ப்ஸ் மலைகளில் பிற்பகல் இடிமழை வழக்கமானது. ஆகவேதான் நாளை விடியலிலேயே கிளம்ப வேண்டும்.

வெள்ளி, உச்சி, 2962 மீட்டர்

ஐந்து மணிக்குப் புறப்பட்டேன். குடிலுக்கு மேலே விரியும் சாய்ந்த மேட்டுநிலம் முழுவதும் நீரால் அரிக்கப்பட்ட சாம்பல் நிறப் பாறை. அதன் விரிசல்களில் சிறு மஞ்சள் பூக்கள் இருந்தன. ஓடும் நீர் ஒரு சொட்டுக்கூடக் கண்ணில் படவில்லை. அதெல்லாம் காலடியில் இறங்கி நேற்றைய ஊற்றுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

19ஆம் நூற்றாண்டில் இந்த மேட்டின் பெரும்பகுதியை ஒரே பனியாறு மூடியிருந்தது. நௌஸ் நடந்தது அதன்மேல்தான். பிறகு அது சுருங்கித் துண்டுகளாகப் பிரிந்தது. அவற்றில் தெற்கு ஷ்னேஃபெர்னர் என்ற துண்டு 2022 செப்டம்பரில் பனியாறு என்ற தகுதியை இழந்துவிட்டது என்று பவேரிய அறிவியல் கழகம் அறிவித்தது. பனி தன் எடையால் நகர்ந்துகொண்டிருந்தால்தான் அது பனியாறு. நகர்வதற்கு வேண்டிய தடிமன் அதில் மிஞ்சவில்லை. அத்துடன் ஜெர்மனியின் பனியாறுகள் நான்காகக் குறைந்தன. அது இருந்த இடத்தை நான் பார்த்தேன்: கல்குவியலுக்கு இடையே அழுக்குப் படிந்த சில வெண்திட்டுகள். வடக்கு ஷ்னேஃபெர்னர் இன்னும் இருக்கிறது. அதுவும் தூரத்திலிருந்து பார்க்கும்போதே மெலிந்து தெரிகிறது. மழையாலும் பனியாலும் ஆற்றுக்கு நீர் தொடர்ந்து வரும். ஆனால் கோடையின் கடைசி வாரங்களில் பனியாறு தந்துவந்த பங்கு இனி வராது. ரோப் காரில் வந்திருந்தால் இந்த மேட்டை ஒரு காட்சியாகப் பார்த்திருப்பேன். ஆற்றோடு நடந்து வந்ததால்தான் இங்கே எது தீர்ந்துகொண்டிருக்கிறது என்பது எனக்கு விளங்கிற்று.

சுமார் 2600 மீட்டரில் உணவகமும் ரயில் நிலையமும் வருகின்றன. 1930இல் திறக்கப்பட்ட மலை ரயில், நம் நீலகிரி ரயிலைப் போலப் பற்சக்கரத்தின் துணையால் ஏறி, கடைசிப் பகுதியில் சுரங்கத்துக்குள் புகுந்து இங்கே வருகிறது. இங்கிருந்து உச்சிக்குத் தனி ரோப் காரும் உண்டு. நடந்து வந்தவர்களில் பலர் அதில் ஏறிக்கொண்டார்கள். அவர்கள் செய்தது முறையானது. மிச்சமிருக்கும் முந்நூற்றைம்பது மீட்டர்தான் முழுப் பாதையிலும் கடினமானது: காலடி வைத்தால் சறுக்கும் சரளைச் சரிவு, அதன்பின் இரும்புக் கம்பி பொருத்திய பாறை ஏற்றம். சரிவின் பக்கத்தில் ஷ்னேஃபெர்னர் மாளிகை பாறையோடு ஒட்டி நிற்கிறது. ஒரு காலத்தில் அது ஓட்டல். 1965 மே மாதம் அதன் வெளிமுற்றத்தின்மேல் பனிச்சரிவு விழுந்து பத்துப் பேர் இறந்தார்கள். இப்போது காற்றையும் தட்பவெப்பத்தையும் ஆராயும் நிலையமாக இயங்குகிறது.

முதுகெலும்பு போன்ற பாறை வரம்பை அடைந்ததும் மறுபக்கம் திடீரென்று ஆஸ்திரியா தெரிந்தது. கீழே ஏரிகளும் ஊர்களும். என் பூட்ஸ் நுனிக்கு அப்பால் வெறும் காற்று. மூச்சு வாங்கியது. கம்பியை விடாமல், ஒரு நேரத்தில் ஒரு காலை மட்டும் நகர்த்தி, உச்சியின் பார்வை மேடைக்கு வந்து சேர்ந்தேன்.

அங்கே மாமா தொப்பியும் கம்பளிச் சால்வையுமாக உட்கார்ந்திருந்தார். ஐப்சே ஏரிக்கரையிலிருந்து பத்து நிமிடத்தில் வந்திருந்தார். 2017 டிசம்பரில் பழைய ரோப் காருக்குப் பதிலாகத் திறக்கப்பட்ட இந்தப் புதிய ரோப் கார் 1945 மீட்டர் உயரம் ஏறுகிறது. வழியில் அதைத் தாங்குவது 127 மீட்டர் உயரமுள்ள ஒரே எஃகுத் தூண். தூணிலிருந்து மேல் நிலையம் வரை 3213 மீட்டர் தூரத்துக்குக் கம்பிக்கு வேறு தாங்கல் இல்லை என்பதை மாமா வியந்து வியந்து சொன்னார். "கால் வலிக்குதாம்மா? முதல்ல டீ குடி" என்று குடுவையை நீட்டிய பிறகே அவர் தம் கேள்விக்கு வந்தார்: எந்தக் கடலிலிருந்து 2962?

ஜெர்மனி தன் உயரங்களை ஆம்ஸ்டர்டாம் கடல் மட்டத்திலிருந்து கணக்கிடுகிறது. ஆஸ்திரியா திரியெஸ்தே துறைமுகத்திலிருந்து. இரண்டுக்கும் 27 சென்டிமீட்டர் வேறுபாடு. எல்லைக்கோடு இந்த உச்சியிலேயே செல்வதால் ஒரே மலைக்கு இரண்டு உயரங்கள். நம் ரயில் நிலையப் பலகைகளில் காணும் கடல் மட்ட உயரத்துக்கு அடிப்படையான ஒன்பது துறைமுகங்களில் சென்னையும் ஒன்று என்பதை அருகில் நின்ற ஜெர்மானியத் தம்பதியருக்கு மாமா ஆங்கிலத்தில் விளக்கினார். அவர்கள் பொறுமையாகவும் ஆர்வத்துடனும் கேட்டார்கள்.

நௌஸ் நின்ற இடத்தைக் காட்ட முடியவில்லை என்பதுதான் எங்கள் இருவருக்கும் வருத்தம். இந்த மலைக்கு மூன்று முகடுகள் இருந்தன. நௌஸும் துணைவர்களும் அடைந்தது மேற்கு முகடு. கற்கோபுரம் எழுப்ப நேரமோ பொருளோ இல்லாததால் ஒரு குட்டைக் கோலில் சிவப்புக் கைக்குட்டையைக் கட்டி நட்டார்கள். ஐந்து நிமிடத்துக்குள் இடியும் பனித்தூவலும் அவர்களை விரட்டிவிட்டன. 1930இல் நடு முகடு ரோப் கார் நிலையத்துக்காக அழிந்தது. 1938இல் ஜெர்மானியப் படை விமானக் கண்காணிப்பு நிலையம் கட்டுவதற்காக மேற்கு முகட்டின் ஒரு பகுதியை வெடிவைத்துத் தகர்த்தது. நிலையம் கட்டப்படவே இல்லை. எஞ்சியிருப்பது கிழக்கு முகடு மட்டும். 1851இல் இருபத்தெட்டுத் துண்டுகளாகச் சுமந்து வந்து மேற்கு முகட்டில் நிறுத்தப்பட்ட பொன்முலாம் பூசிய சிலுவை 1882இல் இங்கே மாற்றப்பட்டதால் தப்பியது. இன்றிருப்பது 1993இல் நிறுவிய புதிய சிலுவை. அதை அடைய மேடையிலிருந்து சிறு ஏணியும் கம்பியும் உண்டு. வரிசையில் நின்று ஏறிவிட்டு வந்தேன்.

கூட்டத்தைப் பற்றி முன்பே எச்சரித்திருந்தார்கள். கூட்டம் இருந்தது; சக்கர நாற்காலியில் ஒரு பாட்டியும் கைக்குழந்தையுடன் ஒரு குடும்பமும் இருந்தார்கள். அவர்களைக் கண்டு எனக்கு எந்தக் குறையும் தோன்றவில்லை. மாமா இந்தக் காற்றில் உட்கார்ந்து இரு நாட்டு மலைகளையும் பெயர் சொல்லி எண்ணுவதற்கு வேறு வழி ஏது? ஆயினும் இரும்பும் சிமென்ட்டும் இதற்கு மேல் ஓர் அடியும் பரவக் கூடாது என்று நினைக்கிறேன். இரண்டு முகடுகள் போனது போதும்.

இந்த மேடையை ஒட்டி 1897இல் கட்டிய மியூனிக் குடிலும் 1900இல் தொடங்கிய வானிலை நிலையமும் இருக்கின்றன. அந்த முதல் குளிர்காலம் முழுவதையும் யோசெஃப் என்சென்ஸ்பெர்கர் என்ற இளம் வானிலையாளர் இங்கே தனியாகக் கழித்து அளவுகளைப் பதிவு செய்தார். பின்னர் தென்கடலில் கெர்கூலன் தீவுக்கு அதே பணிக்காகச் சென்று 1903இல் அங்கேயே இறந்தார். கோடை வெயிலிலேயே விரல்கள் மரத்துப்போன எனக்கு அந்த மனிதரை நினைக்கும்போது மிகுந்த மரியாதை உண்டாயிற்று.

மேகம் திரளத் தொடங்கியதும் மாமாவுடன் ரோப் காரில் இறங்கினேன்.

சனி, கார்மிஷ்

நடக்க விரும்பிச் சிலர் கேட்டிருப்பதால் இவற்றையும் எழுதிவிடுகிறேன். ரைன்டால் வழி ஏறத்தாழ 21 கிலோமீட்டர். இதை ஒரே நாளில் முடிப்பவர்கள் உண்டு; சமவெளியிலிருந்து வரும் நம்மவர்கள் ஓரிரவாவது குடிலில் தங்குவதே நல்லது. குடில்கள் கோடையில் மட்டுமே திறந்திருக்கும் என்பதால் படுக்கையை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். ஜூன் மாதத்தில்கூட மேட்டுநிலத்தில் பனி கிடக்கலாம். கணுக்காலைப் பிடிக்கும் பூட்ஸ், கையுறை, மழைச்சட்டை ஆகியவை கட்டாயம். முதியவர்களுடன் வருபவர்கள் அவர்களை வானிலை தெளிவான காலையில் ரோப் காரில் அனுப்ப வேண்டும். அங்கே காத்திருக்க வேண்டியிருக்கும் என்பதால் கம்பளி உடைகள் தேவை. இறங்கும் கடைசி ரோப் காரின் நேரத்தைக் காலையிலேயே குறித்துக்கொள்ளுங்கள். ஹோலன்டால் என்னும் மற்றொரு வழி குறுகியது, புகழ்பெற்றது. ஆனால் அதில் பனியாற்றைக் கடக்கவும் இரும்புப் படிகளில் நெடுந்தூரம் ஏறவும் வேண்டும். தலைக்கவசம், இடுப்புப் பட்டை, பனிமுள் காலணி ஆகியவற்றில் பழக்கம் இல்லாதவர்கள் வழிகாட்டி இல்லாமல் அந்தப் பக்கம் போகவே கூடாது.